லீன்: ‘வெளிப்படை’ என்று எழுத விடாத பரீட்சகர்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருபத்தேழு ஆண்டுகளாக உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பித்து வருகிறேன். விடைத்தாள்களில் சிவப்பு மையால் நான் அதிகம் வெட்டிய சொல் எதுவென்று யாரும் கேட்டால், ‘வெளிப்படை’ என்பதையே சொல்வேன். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போவதென்று தெரியாத பிள்ளை, ‘இது வெளிப்படையானது, ஆகவே’ என்று எழுதி நடுவில் ஒரு பலகையைப் போட்டுக் கடந்துவிடும். அதே பலகையைக் கரும்பலகைக்கு முன்னால் நின்று நானும் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன் என்பது, லீன் என்ற மென்பொருளோடு எட்டு மாதம் மல்லுக்கட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கணிதம் கற்பிப்போரும், பல்கலைக்கழகத்தில் தூய கணிதம் படிக்கப் போகும் பிள்ளைகளும் இதைத் தொடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவுவதற்காக என் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன பொருள் என்பது. லீன் கணக்குப் போட்டுத் தரும் இயந்திரம் அன்று. வரைபு கீறித் தருவதுமில்லை. நாம் ஒரு தேற்றத்தின் கூற்றையும் அதன் நிறுவலையும் அதற்குரிய மொழியில் எழுதினால், ஒவ்வொரு படியும் முந்தியவற்றிலிருந்து உண்மையாகவே பிறக்கிறதா என்று சரிபார்க்கிறது. பிறக்காவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. லியோனார்டோ டி மௌரா என்பவர் மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்தபோது 2013இல் இதைத் தொடங்கினார். இன்று பயன்பாட்டிலிருப்பது நான்காம் பதிப்பு. இதனோடு சேர்ந்து, மத்லிப் என்ற பெயரில் 2017 முதல் கணிதவியலாளர்கள் கூடிக் கட்டிவரும் ஒரு நூலகம் இருக்கிறது; அதில் இப்போது பத்து இலட்சம் வரிகளுக்கு மேல் உண்டு. இரண்டும் இலவசம். நிறுவல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இறுதித் தீர்ப்பைச் சொல்வது உள்ளே இருக்கும் ஒரு சிறிய கருப்பகுதி மட்டுமே என்பதால், அந்தச் சிறிய பகுதியை நம்பினால் மற்றதையெல்லாம் நம்பலாம் என்பது இதன் அமைப்பு.

தொடங்குவதற்கு மிக நல்ல வாசல், இயற்கை எண் விளையாட்டு என்று அழைக்கப்படும் ஓர் இணையப் பயிற்சி. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கெவின் பசார்டும் முகம்மது பெத்ராம்ஃபாரும் உருவாக்கியது. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத் தளத்தில் இப்போது கிடைக்கிறது. எதையும் நிறுவத் தேவையில்லை (மென்பொருளை நிறுவுவதைச் சொல்கிறேன், தேற்றத்தை அல்ல). என் தங்கையின் மகள் முதலாம் வருடப் படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். அவளோடு ஒரு சனிக்கிழமை மாலை இதைத் திறந்தேன். கூட்டலின் வரைவிலக்கணமாக விளையாட்டு நமக்குத் தருவது இரண்டே செய்திகள்: எந்த எண்ணோடும் பூச்சியத்தைக் கூட்டினால் அதே எண் வரும், ஓர் எண்ணோடு இன்னோர் எண்ணின் அடுத்த எண்ணைக் கூட்டினால், முதலிரு எண்களின் கூட்டுத்தொகைக்கு அடுத்த எண் வரும். இரண்டும் இரண்டும் நான்கு என்பதை அதிலிருந்து நிறுவிவிட்டு அடுத்த உலகத்துக்கு (விளையாட்டின் கட்டங்களை அப்படித்தான் அழைக்கிறார்கள்) போனால், பூச்சியத்தோடு ஓர் எண்ணைக் கூட்டினாலும் அதே எண் வரும் என்று நிறுவச் சொல்கிறது.

“மாமா, இதில நிறுவ என்ன கிடக்கு? பக்கம் மாத்தினாச் சரிதானே?” என்றாள்.

பக்கம் மாற்றலாம் என்பதை இன்னும் யாரும் நிறுவவில்லை என்பதுதான் விடயம். எண்ணோடு பூச்சியம் என்பது வரைவிலக்கணம். பூச்சியத்தோடு எண் என்பது தேற்றம். அதற்குக் கணிதத் தொகுத்தறிவு முறை வேண்டும்: பூச்சியத்துக்கு உண்மை என்று காட்டி, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டுவது. உயர்தர வகுப்பில் அந்த முறையை, முதல் நிறைவெண்களின் வர்க்கங்களைக் கூட்டும் சூத்திரத்தைச் சரிபார்க்கும் ஒரு சடங்காகவே நாங்கள் கற்பித்து முடித்துவிடுகிறோம். பரீட்சையில் ஒரு வினா, அதற்கு மூன்று படிகள். ஆனால் கூட்டல் என்ற செயலே அந்த முறையின் மேல்தான் நிற்கிறது என்பதை அன்று அவள் கண்டுகொண்டதைப் போல என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் கண்டதாக எனக்கு நினைவில்லை. அடுக்கு உலகத்தின் கடைசிப் படியில் வேடிக்கைக்காக, முந்நூற்றைம்பது ஆண்டுகள் கணிதவியலாளரைத் திணறடித்த ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்தை வைத்திருக்கிறார்கள்; அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் அன்றிரவு கணினியை மூடினோம்.

விளையாட்டைத் தாண்டி லீனையும் மத்லிப்பையும் சொந்தக் கணினியில் ஏற்றுவது வேறு கதை. நூலகத்தின் தயார்நிலைக் கோப்புகள் பல ஜிகாபைட். எங்கள் வீட்டு இணைப்பில் பதிவிறக்கம் இரண்டு முறை பாதியில் அறுந்தது. அதைவிட, பழைய மடிகணினி ஒன்றை எனக்கு விற்ற கடைக்காரர் (கடையின் பெயர் வேண்டாம்) எட்டு ஜிகாபைட் நினைவகம் என்று சொல்லித் தந்தது உண்மையில் நான்குதான் என்பதை இந்த மென்பொருள்தான் எனக்கு அறிவித்தது: நூலகத்தை உள்ளே இழுத்தவுடன் கணினி உறைந்துபோயிற்று. நினைவகத்தைக் கூட்டிய பிறகு ஓடுகிறது. அவ்வளவு பாடுபட விரும்பாதவர்கள், உலாவியிலேயே இயங்கும் இணையப் பதிப்பில் சின்ன நிறுவல்களைத் தாராளமாக எழுதிப் பார்க்கலாம்.

நான் எடுத்துக்கொண்ட முதல் சொந்த வேலை, இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பது. கரும்பலகையில் எட்டு வரி. விகிதமுறும் எண்ணென்று எடுப்போம்; பின்னத்தைச் சுருங்கிய வடிவில் எழுதுவோம்; வர்க்கிப்போம்; தொகுதியின் வர்க்கம் இரட்டை எண், ஆகவே தொகுதி இரட்டை எண்; பிறகு பகுதியும் இரட்டை எண்; முரண்பாடு. லீனில் இதற்கு எனக்கு மூன்று மாலைகள் தேவைப்பட்டன. ‘சுருங்கிய வடிவில் எழுதுவோம்’ என்றேன். எல்லாப் பின்னத்தையும் அப்படி எழுத முடியும் என்று யார் சொன்னது என்று கேட்டது. ‘வர்க்கம் இரட்டை, ஆகவே எண் இரட்டை’ என்ற இடத்தில் இருந்த ‘ஆகவே’யை அது ஏற்கவேயில்லை. இப்படி அடைபடும் இடத்தில் தற்காலிகமாக ஓட்டையை மூட லீன் ஒரு சொல்லைத் தருகிறது: சொரி (sorry, ‘மன்னிக்கவும்’). அதை எழுதினால் மேற்கொண்டு போக விடும், ஆனால் தேற்றத்தின் பெயருக்குக் கீழே மஞ்சள் கோடிட்டு, இந்த நிறுவல் ஒரு ‘சொரி’யைப் பயன்படுத்துகிறது என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும். கணித உலகில் இத்தனை நாகரிகமான ஒரு குற்ற ஒப்புதலை நான் கண்டதில்லை. நாம் ‘வெளிப்படை’ என்று எழுதிய இடத்திலெல்லாம் இது மன்னிப்புக் கேட்க வைக்கிறது.

மூன்றாம் நாள் மருமகள் என் பின்னால் வந்து நின்று, நூலகத்தில் தேடி, ஓர் எண்ணின் வர்க்கம் இரட்டை எண்ணாக இருந்தால் அந்த எண்ணும் இரட்டை எண்தான் என்று ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு துணைத்தேற்றத்தின் பெயரை அந்த இடத்தில் ஒட்டினாள். மஞ்சள் கோடு போயிற்று. ஏன் அது உண்மை என்று கேட்டேன். “தெரியாது மாமா, ஆனா அது ஏத்துக்கொண்டிட்டுது” என்றாள். (ஒற்றை எண்ணின் வர்க்கம் ஒற்றை எண் என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்ட இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.) லீனைப் பற்றி என் முதன்மையான குறை அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது: அது மிகச் சிறந்த பரீட்சகர், ஆனால் ஆசிரியர் அன்று. தவறான விடையை அது ஒருபோதும் சரியென்று திருத்தாது. ஆனால் சரியான விடையை எழுதிய பிள்ளைக்கு விளங்கியதா என்பதில் அதற்கு அக்கறையில்லை.

இன்னொரு விடயத்தில் என் கோபம் தணிய ஒரு மாதம் எடுத்தது. லீனில் ஒன்றைப் பூச்சியத்தால் வகுத்தால் விடை பூச்சியம். இருபத்தேழு வருடமாக ‘பூச்சியத்தால் வகுக்கக் கூடாது’ என்று தொண்டை கிழியக் கத்தியவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதுபோலவே இயற்கை எண்களில் இரண்டிலிருந்து மூன்றைக் கழித்தாலும் பூச்சியம். இதை அறியாமல், ஓர் இயற்கை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து மீண்டும் ஒன்றைக் கூட்டினால் அதே எண் வரும் என்று ஒரு சின்னக் கூற்றை எழுதிவிட்டு, அது மறுக்க மறுக்க, மென்பொருளில்தான் பிழை என்று அரை மணி நேரம் சாதித்தேன். பூச்சியத்தை இட்டுப் பார்த்த பிறகே விளங்கியது: பூச்சியத்திலிருந்து ஒன்று போனால் அங்கே பூச்சியம், அதோடு ஒன்றைக் கூட்டினால் ஒன்று. கூற்றுப் பொய், இயந்திரம் சரி. எல்லாச் சார்புக்கும் எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு பெறுமானம் இருக்க வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. பூச்சியமல்ல என்ற நிபந்தனையை வகுத்தல் என்ற செயலில் வைக்காமல், வகுத்தலைப் பற்றிய தேற்றங்களில் வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் குற்றமில்லை. ஆனாலும் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டாதீர்கள். இதிலிருந்து எழும் பெரிய எச்சரிக்கை வேறொன்று: நிறுவல் சரியா என்றுதான் லீன் பார்க்கிறது; நாம் எழுதிய கூற்று நாம் நினைத்த கூற்றுத்தானா என்பதைப் பார்க்க அதனால் முடியாது. அந்த வேலை இன்னும் மனிதனுடையதே.

இவ்வளவு தொல்லையை உலகின் முதல்தரக் கணிதவியலாளர்கள் ஏன் விரும்பி ஏற்கிறார்கள் என்ற கேள்வி எனக்குப் பல வாரம் இருந்தது. விடை, தூய கணிதம் நடைமுறையில் எதன் மேல் ஓடிக்கொண்டிருந்தது என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் சரிபார்க்கப்பட்டது என்பது வெளியில் நமக்குள்ள நம்பிக்கை; உள்ளே இருப்பவர்கள், எழுதியவர் யார், அவருடைய முந்திய வேலை எப்படி, யார் வாசித்துத் தலையசைத்தார் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நிறுவல்கள் சிறியனவாக இருந்த காலத்தில் இது போதும். கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது எப்படி என்ற கெப்ளரின் ஊகத்தை 1998இல் தோமஸ் ஹேல்ஸ் நிறுவியபோது, அதில் நூற்றுக்கணக்கான பக்கங்களோடு பெரிய கணினிக் கணிப்புகளும் இருந்தன. பல ஆண்டுகள் வாசித்த நடுவர் குழு, தொண்ணூற்றொன்பது வீதம் உறுதி, அதற்கு மேல் சொல்ல இயலாது என்று கையை விரித்தது. மற்றவர்களாயின் அதோடு மகிழ்ந்திருப்பார்கள். ஹேல்ஸ் மீதி ஒரு வீதத்துக்காக ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கி, லீன் அல்லாத வேறு இரு நிறுவல் மென்பொருள்களில் முழுவதையும் எழுதி, 2014இல் முடித்தார்.

விளாடிமிர் வொயெவோட்ஸ்கியின் கதை என்னை அதிகம் பாதித்தது. கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2002இல் பெற்றவர். அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வுக்கட்டுரையின் பிரதான தேற்றத்துக்கு 1998இல் ஒருவர் எதிருதாரணம் கொடுத்தார். ஆனால் தங்கள் நிறுவலில் பிழை எங்கே என்று காட்டப்படாததால், தவறு தன்னுடையதா அவருடையதா என்பது 2013 வரை தனக்கே உறுதியாகவில்லை என்று வொயெவோட்ஸ்கி பின்னர் எழுதினார். பதினைந்து வருடம்! பெயர்பெற்ற ஒருவர் எழுதிய, சிக்கலான, பழகிய பாணியில் அமைந்த நிறுவலை எவரும் வரிவரியாக வாசிப்பதில்லை என்பதே அவர் கண்ட பாடம். 2017இல் இறக்கும்வரை, கணினி சரிபார்க்கத்தக்க புதிய அடித்தளம் ஒன்றை அமைப்பதிலேயே அவர் தம் நேரத்தைச் செலவிட்டார்.

லீனுக்குப் பெயர் வாங்கித் தந்தது பீட்டர் ஷோல்ட்சே 2020 டிசம்பரில் விடுத்த அறைகூவல். 2018இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற அவர், டஸ்டின் கிளவுசனோடு சேர்ந்து கண்ட ஒரு தேற்றம் தம் வேலைகளிலேயே முக்கியமானதாக இருக்கலாம் என்றும், அதன் நிறுவலை முழுமையாகச் சரிபார்க்கத் தம்மாலும் பிறராலும் முடிந்ததா என்பதில் தமக்கே ஐயம் இருக்கிறது என்றும் வெளிப்படையாக எழுதினார். (இங்கே ‘வெளிப்படை’ என்ற சொல் முறையாகப் பயன்படுகிறது.) யோஹான் கொமெலின் முன்னின்று நடத்திய குழு ஆறு மாதத்துக்குள் இதயமான பகுதியையும், 2022 ஜூலையில் முழுவதையும் லீனில் முடித்தது. தேற்றம் சரி என்று தெரிந்தது ஒரு பக்கம். நான் வியந்தது மற்றதை: பதக்கம் பெற்ற ஒருவர் ‘எனக்கு நிச்சயமில்லை’ என்று ஊரறியச் சொல்லலாம், அதனால் மதிப்புக் குறையாது என்ற நிலை வந்துவிட்டது.

கொழும்பில் இருந்துகொண்டு இதைப் பார்க்கிற எனக்கு இதைவிடப் பெரிய மாற்றம், 2023 நவம்பரில் நடந்தது. கவர்ஸ், கிரீன், மானர்ஸ், தாவோ ஆகிய கணிதவியலாளர் நால்வர், ஒரு தொடையின் (கணத்தின்) உறுப்புகளைத் தம்முள் கூட்டும்போது அது பெரிதாக விரியாவிட்டால் அந்தத் தொடையை ஓர் உட்கூட்டத்தின் சில பெயர்வுகளால் மூடிவிடலாம் என்ற நீண்டகால ஊகத்தை நிறுவினார்கள். டெரன்ஸ் தாவோ உடனே நிறுவலைச் சிறு சிறு துணைத்தேற்றங்களாக உடைத்து, எது எதில் தங்கியிருக்கிறது என்று ஒரு வரைபடமாக எல்லோருக்கும் திறந்துவைத்தார். விரும்பியவர் ஒரு துண்டை எடுத்து லீனில் எழுதலாம். எழுதி முடித்தால் வரைபடத்தில் அந்தக் கட்டம் பச்சையாகும். மூன்று வாரங்களில் எல்லாம் பச்சை. துண்டை அனுப்பியவர் பேராசிரியரா, மாணவரா, எந்த நாட்டவர் என்று எவரும் கேட்கத் தேவையிருக்கவில்லை, ஏனெனில் பிழையான துண்டை இயந்திரம் உள்ளே விடாது.

1913இல் மதராஸ் துறைமுகக் கணக்குப் பிரிவு எழுதுவினைஞர் ஒருவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தை எண்ணிப் பாருங்கள். இராமானுசன் முன்னர் எழுதிய வேறு கணிதவியலாளர்களிடமிருந்து பயன் கிடைக்கவில்லை. ஹார்டி என்ற ஒருவர் அதைக் குப்பையில் போடாமல் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து வாசித்ததால் மிச்சம் நடந்தது. இராமானுசனின் விடைகளை லீன் கண்டுபிடித்திராது. நிறுவல் எழுதாத பழக்கத்துக்கு அவரிடம் அது கடுமையாகவே நடந்திருக்கும். ஆனால் தொலைவில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரின் வேலையை வாசிக்க வைப்பதற்கு ஒரு பெரிய மனிதரின் கருணை வேண்டும் என்ற நிலை, குறைந்தது சின்னத் துண்டுகளின் அளவிலேனும், தளர்ந்திருக்கிறது. கருத்தரங்கு அறைகளும் தேநீர் இடைவேளைப் பேச்சும் எங்களுக்கு எட்டாதவை. பச்சைக் கட்டம் எட்டும்.

இனிக் குறைகள். முடிந்த லீன் நிறுவலை வாசித்தால் அதில் ஒன்றும் விளங்காது. அது கட்டளைகளின் பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் பிறகு எது மிஞ்சியிருக்கிறது என்பதை அருகிலுள்ள பலகத்தில் பார்த்தால்தான் பொருள் தெரியும். வில்லியம் தேர்ஸ்டன் 1994இல் எழுதிய ஒரு கட்டுரையில், கணிதவியலாளரின் வேலை மனிதர் கணிதத்தை விளங்கிக்கொள்வதை முன்னெடுப்பதே என்ற பொருளில் வாதிட்டார். அந்த அளவுகோலில் இந்தப் பட்டியல்கள் தேறா. அடுத்தது, நூலகம் நாளாந்தம் மாறுகிறது. போன வருடம் எழுதிய கோப்பு இந்த வருடப் பதிப்பில் ஓடாமல் போகலாம். யூக்கிளிட் எழுதியது இன்றும் ஓடுகிறது என்று சொல்லிப் பழகிய துறைக்கு இது புதிய சங்கடம். பிழைச் செய்திகள் நீளமானவை; கட்டளைகள் எல்லாம் ஆங்கிலம். குறிப்புரையைத் தமிழில் எழுதலாம். தேற்றத்துக்குத் தமிழ்ப் பெயரிட விரும்பினால் இரட்டைக் கோண அடைப்புக்குள் இட வேண்டும். நான் அப்படித்தான் இடுகிறேன், வீம்புக்கு.

செயற்கை நுண்ணறிவு பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு வார்த்தை. 2024 சர்வதேச கணித ஒலிம்பியாட் வினாக்களில் கூகுள் டீப்மைண்டின் பொறிகள் 42க்கு 28 புள்ளி எடுத்தன. அவற்றுள் அட்சரகணித, எண்கோட்பாட்டு விடைகள் லீனில் எழுதப்பட்டவை. பேச்சுத் திறமையால் பிழையை மறைக்கக்கூடிய ஒரு பொறிக்கு, ‘வெளிப்படை’யை ஏற்காத ஒரு பரீட்சகர் அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் மாணவர் சிலருக்கும் அது பொருந்தும்.

ஆகவே, உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இயற்கை எண் விளையாட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன். இரண்டு வாரம் போதும், ஒரு சதமும் செலவில்லை. பல்கலைக்கழகத்தில் தூய கணிதம் படிப்போர், காகிதத்தில் நிறுவி முடித்த பிறகு, பக்கத்தில் விளங்கப்படுத்த ஒருவரை வைத்துக்கொண்டு, முழு மென்பொருளையும் ஏற்றலாம். நினைவகத்தைக் கடையிலேயே திறந்து பார்த்து வாங்குங்கள். பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். ஆசிரியர்களுக்கு, ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். என்னுடைய கோப்பில், நூலகத்தின் துணையின்றி எழுத முயலும் பகுதியில், சுருங்கிய வடிவம் பற்றிய இடத்தில் இன்னும் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. நூலகத்திலிருந்து ஒட்டித் தருவதாக மருமகள் சொன்னாள். வேண்டாம் என்றேன்.